ஒரே எண், வேறு கூடு

ஆயுதம் மீட்கப்பட்ட செய்திக்கென்று நம் பத்திரிகைகளில் ஒரு வாய்பாடு உண்டு. முதலில் துப்பாக்கியின் ரகம், பிறகு ரவைக்கூடு எத்தனை, கடைசியில் ரவைகள் எத்தனை, அவை எத்தனை மில்லிமீற்றர். பூண்டுலோயா பஜாரில் தேத்தண்ணிக் கடை மேசையில் கிடக்கும் பத்திரிகையைப் புரட்டுகிறவர் ரகத்தையும் எண்ணிக்கையையும் வாசிப்பார். மில்லிமீற்றரைத் தாண்டிப் போய்விடுவார். அதனால் அவருக்குப் பெரிய நட்டமில்லை. ஒரு துப்பாக்கியின் ரவைக்கூடு இன்னொன்றுக்குப் பொருந்துமா என்று கேட்டால், அந்த எண்ணிடம் அநேகமாகப் பதில் இருக்காது. சில வேளை அது பொய்யும் சொல்லும்.

7.62 என்ற எண்ணையே எடுத்துக்கொள்வோம். போர்க்காலம் முழுக்க நாம் கேள்விப்பட்ட ரி-56, சீனாவில் செய்த கலாஷ்னிகோவ் வகை. அதன் ரவை 7.62. அதற்கு முன்பிருந்தே இலங்கை இராணுவத்தின் கையில் இருந்த எஸ்.எல்.ஆர். துப்பாக்கிக்கும் 7.62. பி.கே. இயந்திரத் துப்பாக்கிக்கும் சோவியத் நாட்டின் பழைய டோக்கரெவ் கைத்துப்பாக்கிக்கும் அதே 7.62 தான். ஆனால் ஒன்றின் ரவை மற்றொன்றுக்கு உதவாது. அந்த எண் குழலின் உள்விட்டத்தை மட்டும் குறிக்கிறது. மருந்தை அடைத்து வைத்திருக்கும் உலோகக் கோதின் நீளத்தைப் பார்த்தால் டோக்கரெவ் 25 மில்லிமீற்றர், ரி-56 39, எஸ்.எல்.ஆர். 51, பி.கே. 54. உள்ளே போகிற பொருள் இப்படி மாறினால் அதை வைத்திருக்கும் கூடும் மாறத்தானே வேண்டும்?

ரவைக்கூடு, அதாவது மெகசின், பார்வைக்கு மிக எளிய சாதனம். ஒரு தகரப் பெட்டி, உள்ளே ஒரு சுருள்வில், வில்லின் தலையில் ஒரு தட்டு, பெட்டி வாயின் இரண்டு ஓரங்களிலும் உட்பக்கமாக மடிந்த உதடுகள். வில் ரவைகளை மேலே தள்ளும். உதடுகள் மேலே நிற்கும் ரவையைப் பிடித்து வைக்கும். சுட்ட வேகத்தில் பின்னுக்குப் போகும் மேற்பாகம் திரும்பி முன்னுக்கு வருகையில், அந்த ரவையின் பின்பக்கத்தில் இடித்து, அதை உதடுகளின் அடியிலிருந்து உருவிக் குழலின் அறைக்குள் செருகும். ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் இவ்வளவும் நடந்து முடியும். துப்பாக்கி திக்குகிறது, ரவை இறுகிவிட்டது என்று சொல்லப்படும் கோளாறுகளில் பெரும்பங்கு இந்த மலிவான தகரப் பெட்டியில்தான் தொடங்குகிறது.

இந்த வேலையில் முன்னால் இருக்கும் ஈயக் குண்டின் விட்டத்துக்கு அநேகமாகப் பங்கே இல்லை. பெட்டி கவனிப்பது வேறு சங்கதிகளை. ரவையின் பின்பக்கம் எவ்வளவு அகலம்? உதடுகளின் இடைவெளி அதற்குத் தக்கபடி இருக்க வேண்டும். நுனி முதல் அடி வரை எவ்வளவு நீளம்? பெட்டியின் முன்பின் ஆழம் அதைப் பொறுத்தது. கோது அடியிலிருந்து கழுத்து வரை எவ்வளவு ஒடுங்குகிறது? பெட்டி நேராக இருக்குமா வளைந்திருக்குமா என்பதை அந்த ஒடுக்கம் தீர்மானிக்கும்.

ரி-56 ரவைக்கூடு வாழைப்பழம்போல வளைந்திருப்பதை எல்லோரும் கண்டிருப்பார்கள். அது அழகுக்காக வைத்த வளைவு இல்லை. அந்த ரவையின் கோது அடியில் 11.35 மில்லிமீற்றர், தோள்பட்டையில் ஏறக்குறைய 10.07. முப்பது மில்லிமீற்றர் நீளத்துக்குள் 1.3 மில்லிமீற்றர் ஒடுங்கிவிடுகிறது. இப்படி ஆப்புவடிவில் உள்ளவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் ஒவ்வொன்றும் முந்தியதைவிட இரண்டரைப் பாகை அளவு சாயும். தோட்டத்து ரோட்டில் ஓடைக்கு மேல் கட்டிய வளைவுப் பாலத்தின் ஆப்புக் கற்களைப் போலத்தான். முப்பது ரவையையும் ஒரே வரிசையில் அடுக்கினால் எழுபத்தைந்து பாகை வளைந்துவிடும். இரண்டு வரிசையாக மாற்றி மாற்றி வைப்பதால் அந்த வளைவு பெரிதும் குறைகிறது. எஸ்.எல்.ஆர். ரவையில் ஒடுக்கம் அரை மில்லிமீற்றருக்கும் குறைவு. ஆகவே அதன் இருபது ரவைப் பெட்டி நேராகவே நிற்கும். பெட்டியின் வளைவை வைத்தே துப்பாக்கியின் ரவை எந்த வகை என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

மலைநாட்டில் துவக்கின் கதை இந்த எண்களுக்கெல்லாம் முந்தியது. 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் குடியிருந்த சாமுவேல் பேக்கர் யானை வேட்டைக்கு வைத்திருந்த பெரிய துப்பாக்கி, நாலு அவுன்ஸ் வரை எடையுள்ள குண்டைச் சுடக்கூடியது. வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கும் காலம் அது. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் அதற்கென்று செய்த குண்டு வார்ப்பு அச்சு கூடவே வரும். உடையவர் தன் குண்டைத் தானே வார்த்துக்கொள்வார். பக்கத்துத் தோட்டத்துத் துரையின் குண்டு நமக்குப் பொருந்துமா என்ற கேள்விக்கே அன்று இடமில்லை.

அந்தக் கேள்வி படைக்கு ஆள் சேர்த்தபோதுதான் எழுந்தது. 1900இல் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களின் வெள்ளைக்காரத் துரைமாரையும் சின்னத்துரைமாரையும் சேர்த்து இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை என்ற தொண்டர் படை உருவானது. தலைமையகம் கண்டி. 1902இல் தென்னாபிரிக்கப் போருக்கு ஒரு பிரிவு போனது. 1914 அக்டோபரில் இருநூறுக்கு மேற்பட்டோர் எகிப்துக்குக் கப்பலேறினார்கள். அங்கிருந்து கலிப்பொலிப் போர்முனைக்குப் போய், ஒஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளின் தளபதி ஜெனரல் பேர்ட்வுட்டுக்கு மெய்க்காவலும் நின்றார்கள். படை 1949இல் கலைக்கப்பட்டது. நுவரெலியாவிலும் தலவாக்கலையிலும் கொழுந்து நிறுத்தவர்கள் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் ஒஸ்திரேலியனுக்குப் பக்கத்தில் நின்று சுட முடிந்ததற்குக் காரணம், பேரரசு முழுக்க ஒரே ரவை: .303. நம் ஆட்கள் வாயில் அது 'திரி நொட் திரி'.

துப்பாக்கி எந்தப் பக்கம் நீட்டப்பட்டது என்பது வேறு கதை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் பொலிஸ் சூட்டில் விழுந்தார். 1977 மே 11ஆம் திகதி டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் அதே விதமாக விழுந்தார். லயத்துப் பிள்ளைகளுக்குத் துவக்கு என்றால் முதலில் நினைவுக்கு வருவது இந்தப் பெயர்கள்தான், கலிப்பொலி பிறகு.

.303 ரவைக்கு ஒரு பழைய வழக்கம் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அது 1888இல் கரிமருந்துக் காலத்தில் பிறந்தது. கோதின் அடியில், கோதைவிட அகலமாக, 13.7 மில்லிமீற்றருக்கு ஒரு விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும். ஒற்றை ரவைத் துப்பாக்கிக்கு அந்த விளிம்பு வசதி: ரவை அறைக்குள் அளவுக்கு மீறி இறங்காமல் தடுக்கும், வெறுங்கோதை உருவவும் பிடி கிடைக்கும். பெட்டிக்குள் அடுக்கும்போதுதான் தொல்லை. மேல் ரவையின் விளிம்பு கீழ் ரவையின் விளிம்புக்கு முன்னால் இருந்தாக வேண்டும். பின்னால் மாட்டிக்கொண்டால் மேல் ரவை முன்னே நகரும்போது கீழுள்ளதையும் இழுக்கும், இரண்டும் பூட்டிக்கொள்ளும். லீ-என்ஃபீல்ட் துப்பாக்கியில் பத்து ரவைப் பெட்டி கழற்றக்கூடியதுதான். ஆனாலும் சிப்பாய் உதிரிப் பெட்டி சுமந்து திரியவில்லை. பெட்டி துப்பாக்கியிலேயே இருக்க, ஐந்து ஐந்து ரவைகளாகக் கோத்த பட்டியை மேலிருந்து அழுத்தி நிரப்பினார்கள். உதடுகளை அந்தந்தத் துப்பாக்கிக்கு ஏற்றபடி சரிபார்த்துக் கொடுப்பது ஆயுதச் சாலையின் வேலை. ஒரே மாதிரித் துப்பாக்கிகள் இரண்டுக்கிடையிலேயே பெட்டியை மாற்றிப் போடுவது நிச்சயமில்லாத காரியமாக இருந்தது.

இந்த விளிம்பின் விலை பிரென் இலகு இயந்திரத் துப்பாக்கியில் கண்கூடாகத் தெரியும். அதன் மூலம் செக்கோஸ்லோவாக்கியாவின் இசட்.பி. 26. அதன் 7.92 ரவைக்கு நீட்டிய விளிம்பு கிடையாது, பெட்டி நேரானது. 1930களில் பிரித்தானியர் அதை .303 ரவைக்கு மாற்றினார்கள். துப்பாக்கி கிட்டத்தட்ட அதுவேதான், பெட்டி மட்டும் வளைந்துவிட்டது. பிற்பாடு அதே பிரென் நேட்டோவின் 7.62 ரவைக்கு, அதாவது எஸ்.எல்.ஆர். ரவைக்கு, மாறியபோது வளைவு மறுபடி ஏறக்குறைய நிமிர்ந்தது. அந்தப் புதிய முப்பது ரவைப் பெட்டி எஸ்.எல்.ஆரிலும் மாட்டும். ஆனால் ஒரு வேடிக்கை: பிரெனில் பெட்டி துப்பாக்கியின் தலைமேல் நிற்கும், ரவைகள் பாதி தம் எடையிலேயே இறங்கும், ஆகவே வில் மெலிந்தது. அதைத் தலைகீழாக எஸ்.எல்.ஆரின் அடியில் மாட்டினால் முப்பது ரவையையும் அந்த வில் எழுப்ப வேண்டும். பல வேளை எழுப்ப முடியவில்லை. அளவு, வாய், ரவை எல்லாம் ஒத்துப்போன பிறகும் புவியீர்ப்பு ஒத்துப்போகவில்லை. இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வரைபடத்தில் யாரும் குறித்து வைக்காத அளவு அது.

1962இல் சீனாவுடன் நடந்த போருக்குப் பிறகு விளிம்புள்ள ரவையிலிருந்து விளிம்பு நீட்டாத ரவைக்கு மாறும் இதே பிரச்சினையை இந்தியாவும் எதிர்கொண்டது. கல்கத்தாவுக்கு அருகேயுள்ள இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை பழைய லீ-என்ஃபீல்ட் வடிவத்தையே வைத்துக்கொண்டு நேட்டோ 7.62 ரவை சுடும் 2ஏ என்ற துப்பாக்கியைச் செய்தது. அடுத்து வந்தது 2ஏ1. அழுத்தம் கூடிய ரவை என்பதால் உருக்கை உறுதியாக்கினார்கள். கோதை இழுக்கும் கொக்கியையும் மாற்றினார்கள், பிடிக்க விளிம்பு இல்லையே. ரவைக்கூடு முற்றிலும் புதிது: சாய்வான அடி போய்ச் சதுரப் பெட்டி வந்தது, பத்து ரவைக்குப் பதில் பன்னிரண்டு கொண்டது. பழையதையும் புதியதையும் அடுத்தடுத்து வைத்தால் வேறுபாடு முதலில் தெரிவது பெட்டியில்தான்.

கைத்துப்பாக்கிக்கு வந்தால் சங்கதி இன்னும் நெருக்கமாகிறது. அதன் ரவைக்கூடு கைப்பிடிக்கு உள்ளே இருக்கிறது. கைப்பிடியை மனிதனின் உள்ளங்கை சுற்றிப் பிடிக்க வேண்டும். ரவை நீண்டால் கைப்பிடி தடித்துவிடும், சிறிய கைக்குள் அடங்காது. பொறியியலாளர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்த எல்லையை நகர்த்த முடியாது.

உலகத்தில் மிகப் பரவலான கைத்துப்பாக்கி ரவை 9 மில்லிமீற்றர், அதாவது 9×19. முழு நீளம் 29.7 மில்லிமீற்றர். அமெரிக்காவில் 1986 ஏப்ரலில் மயாமி நகரில் நடந்த ஒரு துப்பாக்கிச் சண்டையில் எஃப்.பி.ஐ. முகவர்கள் இருவர் கொல்லப்பட்ட பிறகு, 9 மில்லிமீற்றர் போதாது என்று அந்த நிறுவனம் பலம் கூடிய 10 மில்லிமீற்றர் ரவையைத் தேடிப் போனது. அதன் நீளம் 32 மில்லிமீற்றர். பெரிய துப்பாக்கி வேண்டும், உதையும் கடுமை. மருந்தைக் குறைத்தார்கள். குறைத்ததும் கோதுக்குள் நிறைய இடம் வெறுமையாகக் கிடந்தது. வெறும் இடத்துக்கு எதற்கு நீளம் என்று ஸ்மித் அண்ட் வெசனும் வின்செஸ்டரும் சேர்ந்து கோதை நறுக்கி 1990இல் .40 ரவையை வெளியிட்டன. முழு நீளம் 28.8 மில்லிமீற்றர். 9 மில்லிமீற்றர் துப்பாக்கியின் கைப்பிடிக்குள் அப்படியே அடங்கியது. பெட்டியின் அளவு முதலில் நின்றது. ரவையைத்தான் அதற்கேற்ப வெட்டினார்கள்.

ஒஸ்திரியாவின் க்ளொக் நிறுவனம் 9 மில்லிமீற்றருக்குச் செய்த 17ஆம் மாதிரியும் .40க்குச் செய்த 22ஆம் மாதிரியும் ஒரே உடற்கட்டு, ரவைக்கூட்டின் வெளியளவும் ஒன்றே. உள்ளே மட்டும் வித்தியாசம்: 9 மில்லிமீற்றர் கோதின் அடி 9.9 மில்லிமீற்றர், .40இன் அடி 10.8. அந்த ஒரு மில்லிமீற்றர் ஒவ்வொரு அடுக்கிலும் சேர்ந்து பதினேழு ரவைக்குப் பதில் பதினைந்துதான் கொள்ளும். .40 கூட்டுக்குள் 9 மில்லிமீற்றர் ரவையைப் போட்டால் உட்காரும். பல வேளை ஒழுங்காக மேலேறவும் செய்யும். உதடுகள் அகலமாதலால் பிடி தளர்வு. பல வேளை சரிவருவது, ஆபத்து நேரத்துக்கு நம்பிக்கொள்ளப் போதாது. எதிர்ப்பக்கமாக, 9 மில்லிமீற்றர் உதடுகளுக்குள் .40 நுழைவதற்கே முரண்டு பிடிக்கும்.

இனி அந்தப் பொய் சொல்லும் எண். 1994இல் .40 கோதின் கழுத்தை ஒடுக்கி .357 சிக் என்றொரு ரவையைச் செய்தார்கள். பெயரில் இருக்கும் .357, பிரபலமான மெக்னம் ரவையை நினைவூட்ட வைத்தது. உண்மையில் குண்டின் விட்டம் .355 அங்குலம். சரியாக 9 மில்லிமீற்றர் ரவையின் குண்டு விட்டம்! ஆனால் 9 மில்லிமீற்றர் கூட்டுக்கு அது உதவாது, .40 கூட்டிலோ தடையின்றிப் போகும். அடிப்பக்கம் .40இன் அடிப்பக்கமாயிற்றே. க்ளொக்கில் .40ஐ .357 சிக்காக மாற்றக் குழலை மட்டும் மாற்றினால் போதும், கூட்டைத் தொட வேண்டியதில்லை. குழலுக்குக் குண்டின் விட்டம் வேண்டும். கூட்டுக்குக் கோதின் அடி வேண்டும். எண்ணைக் குழல் சொல்லிக்கொண்டிருக்க, கூடு தன்பாட்டில் வேறொரு கணக்கைப் பார்க்கிறது.

டோக்கரெவில் இது மறுபுறம். அதன் 7.62 ரவையின் அடி 9 மில்லிமீற்றர் ரவையின் அடியோடு ஏறக்குறைய சமம். நீளம் மட்டும் ஐந்து மில்லிமீற்றர் அதிகம். சீனத்து நொறின்கோ நிறுவனம் டோக்கரெவ் வடிவத்தையே 9 மில்லிமீற்றருக்கு மாற்றி விற்றபோது அகலத்தைத் தொடவில்லை; முன்பின்னாக மிஞ்சிய இடத்தை ஓர் அடைப்பால் நிரப்பியது. பெல்ஜியத்தின் எஃப்.என். 1910 கைத்துப்பாக்கியோ .32, .380 என்ற இரண்டு ரவைக்கும் வந்தது. இரண்டும் 25 மில்லிமீற்றர் நீளம், அடியும் அண்டிய அளவு. குழலை மாற்றினால் ஒன்று மற்றொன்றாகிவிடும். 1914 ஜூன் 28ஆம் திகதி சரயேவோவில் ஒஸ்திரிய இளவரசர் ஃபெர்டினண்டைக் கொன்றது அந்த மாதிரியின் .380 வகை. நான்கு மாதங்களில் நம் துரைமார் .303ஐத் தோளில் போட்டுக்கொண்டு கப்பலேறினார்கள்.

ரவை ஒன்று, துப்பாக்கி வடிவம் ஒன்று, ஆனாலும் பெட்டி பொருந்தாத சங்கடமும் நடந்திருக்கிறது. பெல்ஜியத்தின் எஃப்.ஏ.எல். மில்லிமீற்றரில் வரையப்பட்டது. பிரித்தானியா, கனடா, ஒஸ்திரேலியா மூன்றும் அதையே அங்குலத்துக்கு மாற்றி வரைந்து எஸ்.எல்.ஆர். ஆக்கின. அப்படி வரைந்தபோது பெட்டியின் முன்னால் உள்ள பற்றும் பெரிதாகிவிட்டது. மில்லிமீற்றர்ப் பெட்டி அங்குலத் துப்பாக்கியில் ஆட்டத்தோடு உட்காரும். அங்குலப் பெட்டி மில்லிமீற்றர்த் துப்பாக்கிக்குள் போகவே போகாது. 1982 ஃபோக்லண்ட் போரில் ஆர்ஜென்டீனர் கையில் மில்லிமீற்றர் எஃப்.ஏ.எல்., பிரித்தானியர் கையில் அங்குல எஸ்.எல்.ஆர். இரு தரப்பும் சுட்டது ஒரே ரவை.

பொருந்தாமை தொல்லைதான். பொருந்துவது அதைவிடப் பெரிய ஆபத்தாகலாம் என்பதை .300 பிளாக்அவுட் காட்டியது. 2011இல் தரப்படுத்தப்பட்ட இந்த ரவை, எம்-16 வகைத் துப்பாக்கிகளின் 5.56 ரவைக்கூட்டிலேயே ஏறும்படி வேண்டுமென்றே வடிவமைக்கப்பட்டது. அடி அதே, நீளம் ஏறக்குறைய அதே, குண்டு மட்டும் தடித்தது. கூடு மறுக்கவில்லை. தவறுதலாக அந்தக் கூட்டை 5.56 துப்பாக்கியில் மாட்டினால் அதுவும் மறுக்காது. சில வகை ரவைகள் அறைக்குள்ளும் இறங்கிவிடும். விசையை இழுத்தால் 7.8 மில்லிமீற்றர் குண்டு 5.7 மில்லிமீற்றர்க் குழலுக்குள் நுழைய வழியில்லாமல் துப்பாக்கி வெடித்துச் சிதறும். அப்படிச் சிதறிய துப்பாக்கிகள் உண்டு. டோக்கரெவ் ரவை ரி-56 பெட்டிக்குள் அடுக்காமல் தட்டித் தள்ளப்படுவதைக் குறை என்று இப்போது என்னால் சொல்ல முடியவில்லை.

மலைநாட்டில் இன்று சட்டப்படி ஒருவர் வைத்திருக்கக்கூடிய துவக்கு பெரும்பாலும் 12 போர். காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்கவென்று 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். அதில் ரவைக்கூடு கிடையாது, குழலைத் திறந்து கையால் ரவை வைப்பது. இங்கே எண்ணும் தலைகீழ்க் கணக்கு: ஒரு இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் விட்டம் 18.5 மில்லிமீற்றர், அதுவே குழலின் விட்டம். இருபதாக்கினால் 15.6. எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும். பேக்கர் காலத்துக் குண்டு வார்ப்புக் கணக்கு மிஞ்சியிருப்பது இதில் மட்டும்தான்.

தடுத்து நிறுத்த ஒரு கூடு இல்லாததால் இங்கும் அதே விபத்துக்கு வழி உண்டு. 20 போர் ரவை 12 போர்த் துவக்கின் அறையில் நிற்காது, குழலுக்குள் சற்றுத் தூரம் வழுக்கிப்போய் மாட்டிக்கொள்ளும். திறந்து பார்த்தால் அறை வெறுமையாகத் தெரியும். ரவை வைக்கவில்லை என்று நினைத்து 12 போர் ஒன்றை வைத்துச் சுட்டால் முன்னால் இருப்பதும் சேர்ந்து வெடித்துக் குழல் கிழியும், முன்கை போகும். இதற்காகவே உலகெங்கும் 20 போர் ரவையின் கோதுக்கு மஞ்சள் நிறம் ஒதுக்கப்பட்டது. 12 போருக்குச் சிவப்பும் வரும் பச்சையும் வரும், மஞ்சள் போடுவதில்லை. இந்த ஒழுங்கு பிந்தி வந்தது. பழைய காகிதக் கோது ரவைகளை நிறம் பார்த்து நம்ப முடியாது, அடித்தகட்டில் பொறித்த எண்ணை வாசிக்க வேண்டும்.